கட்டைவிரல் லிகமென்ட் கிழிந்தால்: மாவுக்கட்டா, ஆபரேஷனா?

கேட்ச் பிடிக்கப் பாய்ந்து விழும்போதோ, கபடியில் ரெய்டரின் காலைப் பிடிக்கும்போதோ கட்டைவிரல் வெளிப்பக்கமாக மடங்கிவிடும். "சுளுக்குதான், இழுத்துவிட்டால் சரியாகிடும்" என்று யாராவது விரலைப் பிடிக்க வருவார்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஆள்காட்டி விரல் பக்கம், அடிமூட்டைப் பிடித்து வைத்திருக்கும் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) கிழிந்திருக்கலாம். சாவி திருப்பவோ பாட்டில் மூடி திறக்கவோ விரலில் வலு இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

பாதிக் கிழிசல் என்றால் குழப்பமே வேண்டாம், கட்டு போதும். 4 முதல் 6 வாரம் மாவுக்கட்டு அல்லது விரலை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட், அப்புறம் பயிற்சி. கத்தி இல்லை, செலவும் குறைவு.

முழுக் கிழிசல்தான் சிக்கல். எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்த்த பிறகு, டாக்டர் விரலை மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பார். மற்ற கையைவிட 15 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சாய்ந்தால் முழுசாகவே கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கிழிந்த நுனி, பக்கத்துத் தசையின் தட்டையான நார் விரிப்புக்கு மேலே வந்து மாட்டிக்கொள்வதுண்டு. பேண்டுக்குள் செருகிய சட்டை நுனி வெளியே வந்துவிட்ட மாதிரி. மூட்டருகே சின்னக் கட்டியாகத் தட்டுப்படும். ஸ்வீடன் டாக்டர் பெர்டில் ஸ்டெனர் 1962-இல் விவரித்தது இதைத்தான். நடுவே தசைவிரிப்பு இருக்கும்வரை எத்தனை மாதம் கட்டுப்போட்டாலும் லிகமென்ட் எலும்போடு ஒட்டாது. இங்கே கட்டுப்போட்டுக் காத்திருப்பது காலவிரயம், ஆபரேஷன்தான் என் தேர்வு.

அதிலும் இரண்டு வழி. எலும்பில் சிறு ஆங்கர் (நூல் கோத்த குட்டி ஆணி) பதித்துத் தைப்பது வழக்கமானது. முழு விளையாட்டுக்குத் திரும்ப 3, 4 மாதம் ஆகலாம். உள்ளேயே தையலுக்கு மேல் வலுவான டேப் (நாடா) ஒன்றையும் பொருத்தினால் விரலைச் சீக்கிரம் அசைக்கலாம். பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ட்ரூ பிரீஸ் 2019 செப்டம்பர் 15-இல் பந்து எறியும் கையிலேயே அடிபட்டு, இந்த முறையில் ஆபரேஷன் செய்துகொண்டு, அக்டோபர் 27-இல் களமிறங்கினார். அவருக்குத் தினமும் பிசியோ கவனிப்பு இருந்திருக்கும். நம்மூர் கிளப் வீரர் அந்த ஆறு வாரக் கணக்கை அப்படியே போடக் கூடாது. எந்த ஆபரேஷனிலும் மூட்டு இறுகுவதும், நரம்பு சீண்டப்பட்டு விரல் மரத்துப்போவதும் நடக்கலாம்.

சீசன் முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் கிழிந்த நுனி சுருங்கிவிடும். பிறகு தைக்க முடியாமல், பெரும்பாலும் முன்கையிலிருந்து தசைநாண் எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டிவரும்.