வாக்குத்தத்தப் பெட்டி: ஆறுதலுக்கு வாங்கலாம், முடிவெடுக்க உதவாது

கிறிஸ்தவப் புத்தகக்கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நெருக்கமாகச் செருகிய சிறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் தேவன் தரும் வாக்குறுதியாக ஒரு பைபிள் வசனம்: இதுதான் வாக்குத்தத்தப் பெட்டி. காலை ஜெபத்தில் ஒன்றை உருவி வாசித்துத் தியானிக்க உண்டானது இது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் பலர் இதை வேறு வேலைக்கு வைக்கிறார்கள்: வந்த வரனுக்குச் சம்மதம் சொல்லலாமா, துபாய் வேலைக்குப் போகலாமா, இருக்கிற உத்தியோகத்தை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வரலாமா? அந்த வேலைக்கு இது எப்படி என்பதே இங்கே கேள்வி.

முதல் குறை அமைப்பிலேயே இருக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் அட்டை பெட்டியில் கிடையாது. உபாகமம் 28-ஆம் அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களோடு முடிந்துவிடும், மீதி முழுக்கச் சாபம். ‘உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’ என்ற 13-ஆம் வசனம் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். ‘அவன் தலையாயிருப்பான், நீ வாலாயிருப்பாய்’ என்ற 44-ஆம் வசனத்தை யார் அச்சடிப்பார்கள்? எதைக் கேட்டாலும் ‘போ’ என்றே பதில் வரும் கருவியிடம் ஆலோசனை கேட்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, யாரிடம் சொல்லப்பட்டது என்பது அட்டையில் இராது. விசா கையில் இருக்கும்போது ‘நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்’ வந்தால் அன்றே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஏசாயா 45-இல் அது பெர்சிய ராஜா கோரேசுக்குச் சொன்ன வார்த்தை. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற எரேமியா 29:11-க்கு முந்தின வசனத்தையும் பாருங்கள்: சிறைப்பட்டுப் போன யூதருக்குப் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் விடுதலை.

பிடித்த வசனம் வராவிட்டால் ‘இன்னொன்று எடுப்போம்’ என்பது மூன்றாவது சிக்கல். இதற்கு, களத்தில் மயிருள்ள தோலைப் போட்டுப் பனியை வைத்து இரண்டு முறை அடையாளம் கேட்ட கிதியோனைச் சாட்சிக்கு இழுப்பார்கள். ‘போ’ என்று கர்த்தர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், தோலைப் போட்டது அதற்கப்புறம். யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு எடுத்தார்களே என்றால், யோவானின் ஞானஸ்நானம் முதல் கூடவே இருந்தவர்கள் யார் என்று முதலில் தகுதி பார்த்து, இரண்டு பேராகச் சுருக்கிய பிறகுதான் சீட்டு. மொரேவியர் என்ற புராட்டஸ்டன்ட் சபையும் கல்யாணத்துக்கே சீட்டுப் போட்டுப் பார்த்த சபைதான். பொதுவான சபையாருக்கு அந்தக் கட்டாயத்தை 1818-இல் அவர்களே எடுத்துவிட்டார்கள்.

பெட்டியை விட நன்றாக வேலை செய்வது, இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த முறை. கத்தோலிக்க வழி என்று மற்ற சபையார் தள்ளவேண்டியதில்லை. கேள்வியை ஆம்-இல்லை என்று பதில் வரும்படி ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் மனம் தராசு முள்ளாக நடுவில் நிற்கும் வரை ஜெபியுங்கள். அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மனதில் முடிவெடுத்துவிட்டு ஜெபித்தால் அது அனுமதி கேட்பதாகிவிடும். பிறகு தாளில் நான்கு கட்டம்: ஏற்றால் நன்மை, ஏற்றால் ஆபத்து, மறுத்தால் நன்மை, மறுத்தால் ஆபத்து. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எந்தப் பக்கம் நியாயம் கனமாக இருக்கிறது என்று பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள், மரணப் படுக்கையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். வந்த முடிவைத் தேவனிடம் வைத்து உறுதிப்படுத்தக் கேளுங்கள். மனம் இருண்டு சோர்ந்திருக்கும் நாட்களில் முன்பு எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பது இஞ்ஞாசியாருடைய கண்டிப்பான விதி.

ஆலோசனையை, முடிவால் எந்த லாபமும் இல்லாதவரிடம் கேளுங்கள். வரனைக் கொண்டுவந்தவரே போதகரானால் அவரிடம் ஆசீர்வாதம் வாங்கலாம், ஆலோசனைக்கு வேறு ஆளைப் பார்க்கவேண்டும். சபையே மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, ‘தடை உண்டா’ என்று ஊரைக் கேட்டுத்தானே கல்யாணம் நடத்துகிறது!

செல்லும் செலவைக் கணக்குப் பார் என்று லூக்கா 14:28 சொல்வதும் ஜெபத்தின் ஒரு பகுதிதான். வளைகுடா வேலை என்றால் ஏஜெண்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவானவரா என்று பார்க்கவேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டால், எந்த அட்டை வந்திருந்தாலும் விலகிவிடுங்கள்.

பெட்டி வாங்குவதானால் மூடியைத் திறந்து நாலைந்து அட்டைகளைப் பாருங்கள். அதிகாரமும் வசன எண்ணும் இல்லாததை வாங்காதீர்கள். ‘நீ செவிகொடுத்தால்’ போன்ற நிபந்தனையை வெட்டிவிட்டு வாக்குத்தத்தத்தை மட்டும் போட்டிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். போனைக் குலுக்கினால் வசனம் வரும் ஆப்களில் ஒரு வசதி உண்டு: சிலவற்றில் வசனத்தைத் தட்டினால் முழு அதிகாரமும் திறக்கும்.