அரிசியா, பணமா, கூப்பனா? உணவு மானியத்தின் மூன்று வழிகள்

தமிழ்நாட்டில் நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நெல்லாகக் கொள்முதல் செய்து, அரைத்து, கிடங்கில் அடுக்கி, கடைவரை கொண்டுவர இந்திய உணவுக் கழகத்தின் கணக்கில் கிலோவுக்குச் சுமார் 40 ரூபாய் ஆகிறது. அப்படியானால் ஓர் அட்டைக்கு 800 ரூபாய். அந்த வீட்டில் ரேஷன் அரிசி சமைப்பதில்லை, கிலோ 10 ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசுக்கு 800 செலவு, வீட்டுக்கு 200 வரவு. நடுவில் உள்ள 600 ரூபாயில் ஒரு பங்கு போக்குவரத்திலும் கிடங்கிலும் கரைகிறது. மற்றொரு பங்கு வாங்கிப் பாலிஷ் போட்டு விற்பவருக்குப் போகிறது. மானியத்தைப் பணமாகக் கொடுங்கள் என்று சந்தைப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் கேட்பது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். கேள்வி நியாயமானது. ஆனால் எந்த ஊரில், எந்தத் தொகையில், யாருடைய கணக்கில் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

முதலில் அரிசி. விலை ஏறினாலும் 20 கிலோ 20 கிலோதான். இதைவிடப் பெரிய பலம் இந்த முறைக்கு வேறில்லை. பலவீனம், ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருப்பது. கடையில் சுழியம், வெளியே முப்பது நாற்பது என்றால், எத்தனை சோதனைச் சாவடி போட்டாலும் மூட்டை எல்லை தாண்டத்தான் பார்க்கும். வாங்காத பொருளுக்கு பில் போட்டதாக செல்பேசிக்கு எஸ்எம்எஸ் வருவதும் இதே இடைவெளியின் விளைவுதான். உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த சாந்த குமார் குழு 2015 ஜனவரியில் தந்த அறிக்கை, 2011-12இல் நாடு முழுக்கக் கசிவு, அதாவது உரியவருக்குப் போய்ச் சேராத ரேஷன் தானியம், 46.7 சதவீதம் என்றது. அனைவருக்குமான ரேஷன் உள்ள தமிழ்நாட்டை அந்தச் சராசரியால் அளப்பது தவறு. பாதி ஊருக்கு அட்டையே இல்லாத இடத்தில் கடைக்காரரைத் தட்டிக்கேட்க ஆளிருக்காது. எல்லாரும் வரிசையில் நிற்கும் இடத்தில் அப்படி இல்லை.

அடுத்து பணம். 2015 செப்டம்பரில் சண்டிகரும் புதுச்சேரியும் இதற்கு மாறின. மத்திய அரசின் விதிப்படி, நெல்லுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதார விலையை அரிசிக்குக் கணக்கிட்டு, அதன் ஒன்றேகால் மடங்கிலிருந்து ரேஷன் விலையைக் கழித்து வருவதுதான் கிலோவுக்கான தொகை. 2025-26இல் சாதா ரக நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நூறு கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி என்று வகுத்தால் கிலோ 35.36 ரூபாய், ஒன்றேகால் மடங்கு சுமார் 44. அரிசி இப்போது இலவசம் என்பதால் கழிக்க எதுவுமில்லை. ஆளுக்கு 5 கிலோ என்றால் 221 ரூபாய். இதில் கவனிக்க வேண்டியது, 44 ரூபாய் என்பது உணவுக் கழகத்தின் செலவைவிடக் குறைவே அல்ல. பணம் கொடுத்தால் கஜானாவுக்கு மிச்சம் என்பது கசிவு அதிகமுள்ள மாநிலத்துக்குத்தான் பொருந்தும். கசிவு குறைந்த இடத்தில் ஆதாயம் வாங்குபவரின் விருப்பத்தில் இருக்கிறது, பட்ஜெட்டில் இல்லை.

புதுச்சேரி அரசு தன் இலவச அரிசிக்குப் பதிலாகச் சிவப்பு அட்டைக்கு (வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள்) 600, மஞ்சள் அட்டைக்கு (மற்றவர்கள்) 300 ரூபாய் போட்டது. 20 கிலோவுக்கும் 10 கிலோவுக்கும் ஈடு, அதாவது கிலோ 30 ரூபாய். விலை ஏறும்போது கூடவே ஏறாத தொகை மாதாமாதம் தேயும். ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. மக்கள் அரிசியைத்தான் கேட்டார்கள். 2024இல் கடைகள் மறுபடி திறந்தன.

இன்னொரு சிக்கல் கண்ணில் படாதது. ஆதார் வழிப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். இரண்டு பாஸ்புக் வைத்திருப்பவர் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு வரவில்லை என்கிறார். அரசுப் பதிவேட்டில் செலுத்தியாயிற்று என்று இருக்கும். இரண்டும் உண்மை.

மிக மோசமான வடிவம் ஜார்க்கண்டில் ராஞ்சியை அடுத்த நக்ரியில் 2017 அக்டோபரில் வந்தது. கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கிய அரிசியை அதே ரேஷன் கடையில் 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். வித்தியாசம் வங்கிக்கு வரும். பணம் வந்ததா என்று பார்க்க ஒரு நடை, எடுக்க ஒரு நடை, கடைக்கு ஒரு நடை. வேறு கடையில் வாங்கவும் வழியில்லை. தேர்வு இல்லாத இடத்தில் பணம் கொடுப்பது சந்தை ஆகாது, அலைச்சல்தான். 2018 ஆகஸ்டில் கைவிட்டார்கள்.

கர்நாடகத்தின் கதை நேர்மாறு. 2023 ஜூலையில், மாநில அரசு தருவதாகச் சொன்ன கூடுதல் 5 கிலோவுக்கு அரிசி கிடைக்காததால் கிலோ 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாய் கணக்கில் போட்டது; சரக்கு இல்லாதபோது பணம் கைகொடுத்தது. 2025இல் உணவுக் கழகம் 22.50 ரூபாய்க்கு அரிசி தர முன்வந்ததும் மாநிலம் அரிசிக்கே திரும்பியது. மாநிலத்தின் கணக்கில் அது சரி. ஆனால் 40 ரூபாய் செலவான பொருள் 22.50க்குப் போனால் மீதியை வரி கட்டுபவர் சுமக்கிறார், அது மாநிலத்தின் கணக்கில் தெரிவதில்லை.

கூப்பன் இரண்டுக்கும் நடுவில். அமெரிக்காவில் உணவு உதவி அட்டையை அங்கீகரித்த எந்தக் கடையிலும் தேய்க்கலாம். மதுவுக்கும் சூடான தயார் உணவுக்கும் செல்லாது. இங்கே சிறு மளிகைக்காரருக்குப் பணம் வர நாளானால், நூறு ரூபாய்க் கூப்பனுக்கு எண்பது ரூபாய்ச் சரக்குதான் தருவார். மறுநாளே பணம் வரவு வைக்க முடியாதென்றால் தொடங்கவே வேண்டாம்.

எல்லாரும் பணத்துக்கு மாறினால் டெல்டாவில் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லை யார் வாங்குவது? விவசாயிக்கான விலை ஆதரவையும் உண்பவருக்கான மானியத்தையும் பிரிக்காமல் கடையை மட்டும் மூடுவது பாதி வேலை.

அதனால் என் தீர்ப்பு, தேர்வை அட்டைதாரரிடமே விடுவது. தமிழ்நாட்டில் முன்மாதிரி ஏற்கெனவே உண்டு: அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்கிறார். அதே படிவத்தில் பணம் என்று இன்னொரு கட்டம் சேர்க்கலாம். எதுவும் எழுதாதவருக்கு அரிசி தொடரட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பணம் குடும்பத் தலைவியின் கணக்கில், அவர் காட்டிய கணக்கு எண்ணிலேயே விழ வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை தினமும் ஊர்வாரியாகச் சில்லறை விலையைத் திரட்டுகிறது. தொகையை மூன்று மாதத்துக்கொரு முறை அதோடு சேர்த்து நகர்த்தலாம். மளிகைக் கடைகள் போட்டி போடும் பெருநகரங்களில் தொடங்குவது சரி. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் ஆரம்பிக்க வேண்டும் என்று சாந்த குமார் குழு சொன்னதும் இதைத்தான். ரேஷன் கடையைத் தவிர வேறு கடையே இல்லாத மலைக்கிராமத்தில் அந்தக் கட்டமே படிவத்தில் இருக்கக் கூடாது.