சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

மனநோய் உள்ள பிள்ளையையோ கூடப்பிறந்தவரையோ ஏதாவது ஓர் 'இல்லத்தில்' சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள். என் தம்பியை அப்படி ஓர் இடத்தில் 52 நாட்கள் விட்டு வைத்திருந்தேன். நான் செய்த தவறை இன்னொரு வீட்டில் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை, நான் கொடுத்த புகார் மனு விசாரணையில் இருக்கிறது.

தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய் என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாத்திரை தவறாமல் போனால் அவன் பாட்டுக்கு இருப்பான். அப்பாவோடு சைக்கிள் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவான், கணக்கெழுதுவான். இத்தனை வருடமும் மாத்திரை எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில்தான், இலவசமாக. அங்கே இருந்த மனநல டாக்டர் அவனிடம் பேசும் விதமே வேறு. "என்னப்பா, கடை எப்படிப் போகுது?" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன வருடம் ஆடி மாதம் அவர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. வேறோர் ஊரிலிருந்து ஒரு டாக்டர் வாரம் ஒரு நாள் வந்து போனார். அந்த ஒரு நாள் ஓபியில் நிற்க இடம் இருக்காது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் "ஓலான்சபைன் ஸ்டாக் இல்லம்மா, வெளிய வாங்கிக்குங்க" என்றார்கள். இரண்டு மாதம் வெளியில் வாங்கினோம். மூன்றாவது மாதம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், கடை பூட்டு. மாத்திரை நடுவில் விட்டுப்போனது. தம்பி தூக்கத்தை விட்டான், சாப்பாட்டை விட்டான். ஒரு ராத்திரி அம்மாவைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.

மறுநாள் ஓபி வாசலில் நான் அழுதுகொண்டு நின்றபோது காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து ஒரு கார்டு கொடுத்தார். அவர் மருத்துவமனை ஊழியரா, வெளியாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இங்க அலையாதீங்கம்மா, இவங்க வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போவாங்க, நல்லா பாத்துப்பாங்க" என்றார். அன்று சாயங்காலமே வேன் வந்தது. இரண்டு பேர் இறங்கி, அவன் கையைப் பின்னால் மடக்கி, ஓர் ஊசியைப் போட்டுத் தூக்கிப்போனார்கள். என்ன ஊசி என்று நான் கேட்கவில்லை. வேனுக்குப் பின்னாலேயே ஆட்டோவில் போனேன்.

அலுவலக அறையில் தங்க நிறச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. அரசு முத்திரை, பச்சை மை, பதிவு எண். "கவர்மெண்ட் ரிஜிஸ்டர்டு மேடம்" என்று காட்டினார் மேலாளர். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. முன்பணம் 25,000 ரூபாய், மாதம் 15,000. மூன்று தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் ஒன்று வெற்றுத்தாள். "மொத 45 நாள் யாரும் பார்க்க வரக்கூடாது, போன்ல பேசக்கூடாது. வீட்டு ஞாபகம் வந்தா பேஷண்ட் செட்டில் ஆக மாட்டாங்க" என்றார். வைத்தியத்தில் அப்படி ஒரு முறை இருக்கும்போல என்று நம்பினேன். இருபது நாள் என் அம்மாவுக்கும் அதையே சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவேன். "தூங்குறார்", "குளிக்கிறார்", "இப்பத்தான் சாப்பிட்டார்". 45 நாள் முடிந்தும் "இன்னும் ஒரு வாரம்" என்றார்கள். 52-ஆவது நாள் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் போய் நின்றேன்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். குடியை நிறுத்தக் கொண்டுவந்தவர்கள், வயதானவர்கள், தம்பியைப் போன்றவர்கள், எல்லோரும் ஒரே இடத்தில். எல்லோருக்கும் ஒரே நிற அரைக்கால் சட்டை, எல்லோருக்கும் மொட்டை. அதனால் என் தம்பியை எனக்கே உடனே அடையாளம் தெரியவில்லை. அவன்தான் என்னைப் பார்த்து எழுந்தான். இடது கணுக்காலைச் சுற்றி வளையம் போலக் கறுத்துப்போய், ஓரிடத்தில் புண் ஆறாமல் இருந்தது. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இனிமே நான் சத்தம் போட மாட்டேன்க்கா. கூட்டிட்டுப் போயிடு."

சித்தப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று அவர் போட்ட சத்தத்தில்தான் கேட்டைத் திறந்தார்கள். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதில் டாக்டர் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. கிளம்பும்போது நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்தச் சுவர்ச் சான்றிதழைப் போட்டோ எடுத்தது.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் படித்தேன். அது சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்த சான்று. யார் வேண்டுமானாலும் நாலு பேர் சேர்ந்து அறக்கட்டளை பதிவு செய்யலாம். மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள அது அனுமதி ஆகாது. அரசு முத்திரை உண்மையானது, ஆனால் அது சொல்வது வேறு விஷயம். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

பிறகு சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைத்த ஒரு வழக்கறிஞர் அம்மா உட்கார வைத்து விளக்கினார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துத் தங்கவைக்கும் எந்த இடமும், ஆசிரமம், இல்லம், போதை மறுவாழ்வு மையம், சித்த வைத்தியசாலை என்று எந்தப் பெயரில் இருந்தாலும், மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றைத்தான் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்தின் தொடர்பு விவரமும் சுவரில் இருக்க வேண்டும். புகார் எங்கே கொடுப்பது என்று உள்ளே இருப்பவருக்கே தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நான் போன இடத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

தானாகச் சம்மதிக்க முடியாத நிலையில் ஒருவரைச் சேர்ப்பதற்கும் முறை இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, இரண்டு பேரும் தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். சேர்த்த ஏழு நாளுக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், பெண்ணாகவோ சிறுவராகவோ இருந்தால் மூன்றே நாள். என் தம்பியை ஒருவரும் பரிசோதிக்கவில்லை. என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

சங்கிலியில் கட்டுவது, எந்த வகையில் ஆனாலும், அந்தச் சட்டத்தில் தடை. கட்டாய மொட்டை கூடாது. ஆஸ்பத்திரி உடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. பார்க்க வருகிறவர்களைப் பார்க்கவும் போனில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு, வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. "45 நாள் வரக்கூடாது" என்று எங்கே சொன்னாலும், பணம் கட்டியிருந்தாலும், ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். இது ஒன்றை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. டிவியில் அதைப் பார்த்து அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அதே அம்மாவின் பிள்ளையை நானே கொண்டுபோய் விட்டேன் என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

புகார் கொடுத்த கதையையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். மனு சுகாதாரத்துறையின் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போனது. அங்கே "இல்லம்னா மாற்றுத்திறனாளிகள் நலத்துறைதான் பார்க்கணும்" என்றார்கள். அங்கே போனால் "மனநோய்னா சுகாதாரத்துறை" என்றார்கள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு மாதம் நடந்தேன். கடைசியில் வழக்கறிஞர் அம்மா சொன்னபடி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில மனநல ஆணையத்துக்கு ஒரே கேள்வி அனுப்பினேன்: இந்த முகவரியில் மனநல நிறுவனமாகப் பதிவு உண்டா? அப்படி ஒரு பதிவும் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. அதை இணைத்து மறுபடி மனு கொடுத்த பிறகுதான் நேரில் போய்ப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். நீங்கள் புகார் கொடுப்பதானால் இந்தப் பதிலை முதலில் வாங்கிவிடுங்கள், என்னைப் போல ஒரு மாதத்தை இழக்க வேண்டாம். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய் வரை. ஒரு குடும்பத்திடம் அவர்கள் வாங்கும் முன்பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இது எப்படி அவர்களைத் தடுக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த இல்லத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம், அரசின் மேலும் இருக்கிறது. அரசு நடத்தும் மருத்துவமனையில் மனநல சிகிச்சை கிடைப்பது உரிமை என்று சட்டத்தில் எழுதியாகிவிட்டது. அந்த ஜன்னலில் மாத்திரை இருந்திருந்தால், அந்த டாக்டரின் நாற்காலிக்கு ஆள் வந்திருந்தால், காக்கிச் சட்டைக்காரர் கொடுத்த கார்டை நான் வாங்கியிருக்கவே மாட்டேன். ஓபியில் மருந்து தீர்ந்த அன்றே எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டில் ராத்திரி நிலைமை கைமீறினால் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்தில் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என்ன செய்வது என்று கேட்க அரசின் மனநல உதவி எண் 14416, சட்ட உதவிக்கு 15100, இரண்டும் இலவசம்.

தம்பி இப்போது மருத்துவக் கல்லூரி ஓபியில் பார்க்கிறான், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். சாக்ஸ் போடாமல் வெளியே வருவதில்லை.

இன்னொன்று. அன்று கேட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு பையன் ஓடிவந்து ஒரு போன் நம்பரைச் சொன்னான். பத்து எண்ணையும் இரண்டு தடவை சொன்னான். வேறெதுவும் சொல்லவில்லை. பஸ் ஏறும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து எழுதி வைத்தேன். மறுநாள் கூப்பிட்டபோது அவனுடைய அம்மா எடுத்தார். பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கவர்மெண்ட் சர்டிபிகேட் மாட்டியிருக்காங்களேம்மா, நானே பார்த்தேனே?"

போட்டோவை அனுப்பி, ஒவ்வொரு வரியாகப் போனிலேயே படித்துக் காட்டினேன். சனிக்கிழமை சித்தப்பாவும் நானும் அவரோடு போய் அந்தப் பையனைக் கூட்டிவந்தோம்.