பேரேடுகளை அனுப்பிய நான்கு ஆண்டுகள்: எஸ்சிபியும் ஆர்சிங்கும்

கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாங்கட்டு அறைப் பெட்டகத்தில் ஐயா (தாத்தா) காலத்துப் பேரேடுகளும் இசைகுடிமானங்களும் (திருமண ஒப்பந்த ஏடுகள்) மொய் ஏடுகளும் கரையானுக்குக் காத்துக் கிடந்தன. 2021இல் அவற்றை ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன், வீட்டு மூலையில் ஒரு லினக்ஸ் கணினியை எந்நேரமும் ஓடவிட்டிருப்பவர். "பென் டிரைவை பஸ்ஸில் கொடுத்துவிடாதே தம்பி, எஸ்எஸ்எச் திறந்து வைத்திருக்கிறேன், எஸ்சிபியில் அனுப்பு" என்றார்.

எஸ்எஸ்எச் என்பது தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி; எஸ்சிபி அந்த வழியே கோப்பை நகலெடுக்கும் கட்டளை. எஸ்எஸ்எச் போகிற இடத்துக்கெல்லாம் எஸ்சிபியும் போகும்; பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கோப்பின் பெயர், அண்ணன் கணினியின் முகவரி, ஒரு முக்காற்புள்ளி, அடைவின் பெயர், அவ்வளவுதான். அந்த முக்காற்புள்ளியை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன். கட்டளை கண் இமைப்பதற்குள் முடிந்தது. இணைப்பின் வேகத்தை மெச்சிக்கொண்டேன். அண்ணனுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. என் மடிக்கணினியிலேயே, அவருடைய முகவரியைப் பெயராகச் சூடிக்கொண்டு ஒரு கோப்பு உட்கார்ந்திருந்தது!

போர்ட் எண்ணுக்கு (அண்ணன் கணினியில் எந்த வாசல் வழியே நுழைவது என்பதற்கு) எஸ்எஸ்எச்சில் சின்ன பி (-p), எஸ்சிபியில் பெரிய பி (-P). எஸ்சிபியின் சின்ன பி, கோப்பின் பழைய தேதியைக் காப்பதற்கு. இந்தக் குளறுபடி, எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் சுருக்கப் பெயரும் போர்ட்டும் எழுதிவைத்த அன்றோடு ஒழிந்தது.

ஒழியாதது வேறு. ஒரு பக்கம் ஏறக்குறைய 26 மெகாபைட், ஒரு பேரேடு 400 பக்கம். என் பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். தடையே இல்லாமல் போனாலும் இரண்டேகால் மணி நேரம். இடையில் மின்சாரம் போனால் எஸ்சிபிக்கு விட்ட இடம் தெரியாது; மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். அதைவிட மோசம், அறுந்த கோப்பு முழுக் கோப்பின் பெயரிலேயே அங்கே கிடக்கும். அப்படி ஒரு பக்கம் மூன்று மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. திறக்க முயன்ற அண்ணன்தான் கண்டுபிடித்தார்.

அதன்பின் முழு ஏடு என்றால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவிதான். அதுவும் எஸ்எஸ்எச் வழியேதான் போகிறது. ஆனால் இரு கணினியிலும் நிறுவியிருக்க வேண்டும். அளவையும் தேதியையும் ஒப்பிட்டு, போய்ச் சேர்ந்த பக்கங்களைத் தாண்டிவிடும். வந்துகொண்டிருக்கும் கோப்புக்குத் தற்காலிகப் பெயர் வைத்து, முழுதாக வந்த பிறகே உண்மைப் பெயர் சூட்டும். அடைவுப் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் அடைவே போகும். இதில் நான் இன்றும் ஒருமுறை தயங்குவேன்.

ஏடு முடிந்ததும் இரு கணினியிலும் ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒப்பிடுகிறேன். கொண்டுவிற்கப் (வெளிநாட்டில் வணிகம் செய்ய) போன இடத்தில் ஐயா ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) இடிக்காமல் பார்த்துக்கொண்டவர். பேரன் இதையாவது செய்ய வேண்டாமா?

என் லினக்ஸை உபுண்டு 24.04க்கு மாற்றியபோது ஒரு பழைய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு) படுத்துவிட்டது. எஸ்எஸ்எச்சும் எஸ்சிபியும் அடங்கிய மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின் 9.0 பதிப்பு 2022இல் வந்தது; அது முதல் எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற வேறொரு கோப்புப் பரிமாற்ற நெறிமுறையைத்தான் பயன்படுத்துகிறது. இடைவெளி உள்ள தொலைக் கோப்புப் பெயர்களுக்கு முன்பு மேற்கோள் குறி இரண்டு அடுக்காகத் தேவைப்பட்டது. இப்போது அதுவே இடைஞ்சல். பெரிய ஓ (-O) சேர்த்தால் பழைய முறை திரும்பும். நான் கூடுதல் மேற்கோளைத்தான் நீக்கினேன்.

இரவில் அப்பத்தா சிங்கப்பூர்ப் பேரனோடு வீடியோவில் பேசும் நேரம், அனுப்பும் வேகத்துக்குக் கடிவாளம் போடுவேன். எஸ்சிபியில் 4000 கொடுத்துப் பழக்கம். ஆர்சிங்கிலும் அதே எண்ணைக் கொடுத்தேன். பேரன் முகம் கட்டம் கட்டமாக உறைந்தது, அப்பத்தா என்னை வைதார். எஸ்சிபி கிலோபிட்டில் எண்ணுகிறது, ஆர்சிங்க் கிலோபைட்டில். இப்போது ஆர்சிங்குக்கு 500 கொடுக்கிறேன்.