தில்லிக்கு வந்த சீனத் தூதர்கள்: ஒரு தேர்வுக் கையேட்டைப் பற்றி

மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஜெராக்ஸ் கடையொன்றில், குடிமைப்பணித் தேர்வு எழுதுவோருக்கென ஸ்பைரல் பைண்டிங்கில் விற்கப்படும் இந்தியா-சீனா உறவுக் கையேட்டில், தில்லியில் பணியாற்றிய சீனத் தூதர்களின் பட்டியலே நான் விரும்பிப் படித்த பகுதி. 1950 ஏப்ரல் 1இல் தூதரக உறவு தொடங்கியதையும், அவ்வாண்டே முதல் தூதராக வந்த யுவான் சோங்சியன் படைத்தளபதியாக இருந்தவர் என்பதையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால், அதற்கு முன் 1947இல், கம்யூனிஸ்டுகளுக்கு முன் சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக்கின் அரசு தூதராக அனுப்பிய லுவோ ஜியாலுன், 1919இல் பெய்ஜிங் மாணவர்கள் தொடங்கிய மே நான்கு போராட்ட இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர், பட்டியலில் இல்லவே இல்லை. இதை என்னால் சிறிய குறையாகக் கருத முடியவில்லை.

அதைவிட ஏமாற்றம் தருவது, 1962இல் அப்போதைய தூதர் பான் சிலி திரும்பிச் சென்றபின் 1976 வரை நீண்ட இடைவெளியை ஒரு சிறு கோடு போட்டுக் கடந்துவிட்டிருப்பதாகும். தூதர் இல்லாத அந்த ஆண்டுகளிலும் தூதரகம் மூடப்படவில்லை. பொறுப்புத் தூதர் (தூதர் இல்லாதபோது தூதரகத்தைக் கவனிப்பவர்) நிலையிலான அதிகாரிகளே அதை நடத்தினர். 1976இல் இந்தியத் தூதராக கே.ஆர். நாராயணன் பெய்ஜிங்கிற்கும், சீனத் தூதராக சென் சாவோயுவான் தில்லிக்கும் சென்ற பிறகே தூதர் நிலை மீண்டது. (தேர்வில் கேட்கத்தக்கது இதுதானே!) 2022 அக்டோபரில் சுன் வெய்டோங் விடைபெற்று, 2024 மே மாதம் சூ ஃபெய்ஹோங் வரும்வரை பதவி காலியாக இருந்ததை மட்டும் கட்டம் கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

அச்சு பரவாயில்லை, படங்கள்தான் மை அப்பி, யார் யுவான், யார் பான் என்றே தெரியவில்லை.