சோனி எம்இசட்-ஆர்எச்1: மினிடிஸ்க்கைக் கணினிக்கு மாற்ற இது இன்னும் தேவையா?

சிறு உறைக்குள் அடைத்த வட்டத் தட்டான மினிடிஸ்க்கில் இருப்பது டிஜிட்டல் ஒலிதான். ஆனால் 1992-இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு ஏறத்தாழ 14 வருடம், அதன் வழக்கமான வடிவத்தில் சொந்தமாகப் பதிந்த ஒன்றை அதிலிருந்து கோப்பாகக் கணினிக்கு எடுக்க வழி இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. 2001-இல் வந்த நெட்எம்டி கருவிகளில் யூஎஸ்பி இருந்தது. ஆனால் கணினியிலிருந்து தட்டுக்குப் போகலாம், தட்டிலிருந்து கணினிக்கு வர முடியாது. 2004-இல் வந்த ஹை-எம்டியும் தன் புதிய வடிவத்தில் பதிந்ததை மட்டும் திருப்பிக் கொடுத்தது. பழைய வடிவத்தில் பதிந்ததையும் யூஎஸ்பி வழியே கணினிக்குத் தரும் கருவியாகச் சோனி செய்தது ஒன்றே ஒன்று: 2006-இல் வந்த எம்இசட்-ஆர்எச்1. ஒலிவாங்கியோடு சேர்த்து எம்இசட்-எம்200 என்ற பெயரில் விற்றதும் இதே கருவிதான். 2011 செப்டம்பரில் இதை அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும், விலையும் எக்கச்சக்கம்.

அந்த விலை கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. நூற்றுக்கணக்கில் தட்டுகள் குவிந்து கிடந்தால், ஆம். ஹை-எம்டி தட்டுகள் இருந்தால் ஏதாவது ஒரு ஹை-எம்டி கருவி வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டாம். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில், இது செய்யும் வேலை என்ன என்பதில் தெளிவு வேண்டும். மினிடிஸ்க் ஒலியை அட்ராக் என்ற முறையில் சுருக்கிப் பதிகிறது. வழக்கமான எஸ்பி முறையில் நொடிக்கு 292 கிலோபிட். நீண்ட நேரம் பதிய 2000-இல் சேர்ந்த எல்பி2 முறையில் 132, எல்பி4-இல் 66. ஆர்எச்1 தட்டை ஓடவிட்டு ஒலியைப் பதிவு செய்து தருவதில்லை. தட்டில் உள்ள சுருக்கிய தரவையே பிட் மாறாமல் எடுத்துக் கொடுக்கிறது. 80 நிமிட எஸ்பி தட்டு முழுவதும் சேர்ந்து சுமார் 175 மெகாபைட் வரும். அதையே விரித்து வேவ் கோப்பாக்கினால் சுமார் 847 மெகாபைட். நேரமும் மிச்சம்: தட்டு ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பாட்டுப் பிரிப்புகள், தலைப்புகள் எல்லாம் கூடவே வந்துவிடும். நேரடி இசைப்பதிவுகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பிரிப்புகள் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

கருவியோடு வந்த சோனிக்ஸ்டேஜ் மென்பொருளை மறந்துவிடுங்கள். நெட்எம்டி வழியாகக் கணினியிலிருந்து தட்டுக்கு ஏற்றிய பாட்டுகளை அது திருப்பித் தராது. இன்றைய விண்டோஸில் அதை நிறுவி ஓடவைப்பதே ஒரு தனி வேலை. இப்போது எல்லோரும் பயன்படுத்துவது வெப் மினிடிஸ்க் ப்ரோ. பிரவுசரிலேயே ஓடும், இலவசம். குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் வகைப் பிரவுசர்களில் மட்டும்தான் வேலை செய்யும், ஏனென்றால் யூஎஸ்பி கருவியோடு நேரடியாகப் பேசும் வசதி அவற்றில்தான் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரியில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விண்டோஸில் பலர் தடுக்கி விழும் இடம் டிரைவர். ஜாடிக் என்ற சிறு நிரலைத் திறந்து, பட்டியலில் கருவியைத் தேர்ந்தெடுத்து, வின்யூஎஸ்பி டிரைவரை நிறுவ வேண்டும். பட்டியலில் தவறிப்போய் விசைப்பலகையையோ மவுஸையோ தேர்ந்தெடுத்தால் அது வேலை செய்யாமல் நின்றுவிடும். பெயரை இரண்டு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள். டிரைவர் மாறியதும் சோனிக்ஸ்டேஜுக்குக் கருவி தெரியாது, அது பிழையல்ல. லினக்ஸில் யூடெவ் விதி ஒன்று எழுதி, சாதாரணப் பயனருக்கு அந்தக் கருவியில் அனுமதி கொடுக்க வேண்டும். மேக்கில் எதுவும் தேவையில்லை, செருகினால் போதும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓடிஜி கம்பி வழியாகக்கூட வேலை நடக்கும்.

தட்டைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உறையின் ஓரத்தில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளித் துளையைத் திறந்துவிடுங்கள். துளை திறந்திருந்தால் அந்தத் தட்டில் எதுவும் எழுத முடியாது. படிப்பதற்கு எழுதும் அனுமதி தேவையே இல்லை. ஆர்எச்1-இல் இது இன்னும் முக்கியம். காலியான சாதாரணத் தட்டில் பதிவுப் பொத்தானை அழுத்தினால், அமைப்பை மாற்றி வைத்திருந்தாலொழிய, அது தட்டை ஹை-எம்டி வடிவத்துக்கு மாற்றிவிடும். எந்தப் பாட்டு எங்கே என்று சொல்லும் பொருளடக்கம் அழிந்துபோன தட்டும் கருவியின் கண்ணுக்குக் காலித் தட்டுதான். கணினித் திரையில் 'ஃபார்மேட் செய்யவா' என்று எது கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

எஸ்பி பாட்டுகள் ஏஇஏ என்ற விகுதியோடும், எல்பி பாட்டுகள் வேவ் உறைக்குள் அட்ராக்3 தரவாகவும் வந்து சேரும். விகுதி வேவ் என்பதால் எல்லா பிளேயரிலும் ஓடும் என்று நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது சுருக்கிய தரவு. விரிக்க எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் போதும். இரண்டு வகையையும் அது படிக்கும். விரிக்கும்போது 16 பிட்டில் நிறுத்தாமல் 24 பிட்டுக்குப் போங்கள். அதிலும் ஒரு சங்கதி: உரக்கப் பதிந்த பாட்டுகளில் அட்ராக்கை விரிக்கும்போது அலையின் உச்சி முழு அளவைத் தாண்டிப் போகலாம். நேராக முழு எண் கோப்பாக எழுதினால் அந்த உச்சிகள் வெட்டுப்படும். முதலில் 32 பிட் மிதவைப் புள்ளிக் கோப்பாக எழுதி, அளவை 1 அல்லது 2 டெசிபெல் இறக்கி, பிறகு தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு, 24 பிட்டில், மாற்றுங்கள். மூல ஏஇஏ கோப்பை மட்டும் ஒருபோதும் அழிக்காதீர்கள். காப்பகப் பிரதி அதுதான். ஃபிளாக்கை எப்போது வேண்டுமானாலும் திரும்பச் செய்துகொள்ளலாம்.

அடுத்தது, பலர் கருவியின் குறை என்று நினைத்துப் புலம்பும் விஷயம்: கச்சேரிப் பதிவுகளில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கேட்கும் 'டிக்'. குறை கருவியில் இல்லை. எஸ்பி அட்ராக் ஒலியை 512 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது 11.6 மில்லிசெகண்ட் துண்டுகளாக, வெட்டிச் சுருக்குகிறது. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு மேலடுக்காகச் சேர்ந்தால்தான் சரியான ஒலி வரும். தொடர்ந்து ஓடும் பதிவின் நடுவே அடையாளம் மட்டும் போட்டுப் பிரித்த பாட்டுகளைத் தனித்தனியாக விரித்தால், எல்லையில் அந்த மேலடுக்கு அறுந்துவிடும். தீர்வு எளிது. ஏஇஏ கோப்பின் தலைப்பகுதி சரியாக 2048 பைட். முதல் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த கோப்புகளின் முதல் 2048 பைட்டை நீக்கி, வரிசையாக ஒட்டுங்கள். ஒட்டிய ஒரே கோப்பை விரித்து, பிறகு ஒலித் திருத்தியில் பாட்டு பாட்டாகப் பிரியுங்கள். டிக் போய்விடும். தனித்தனி நேரங்களில் பதிந்த பாட்டுகளுக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை. ஒரே தட்டில் ஸ்டீரியோவும் மோனோவும் கலந்திருந்தால் அவற்றை ஒட்டவும் கூடாது.

இனி ஆர்எச்1-இன் குறைகள். பெரிய குறை அதன் திரை. ஓரத்தில் உள்ள ஓஎல்இடி திரை பயன்படுத்தப் பயன்படுத்த மங்கிக்கொண்டே வரும். எழுத்தே தெரியாத நிலையில் உள்ளவையும் விற்பனைக்கு வருகின்றன. கணினியோடு இணைத்து எடுப்பதற்குத் திரை அவசியமில்லை என்பதால், மங்கல் திரையுள்ளதைக் குறைந்த விலைக்கு வாங்குவது புத்திசாலித்தனம். அடுத்தது பேட்டரி. எல்ஐபி-4டபிள்யூஎம் என்ற தட்டையான லித்தியம் அயன் வகை, கடையில் வாங்கும் சாதாரண பேட்டரி இதற்குப் பொருந்தாது. வயதான பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியதை அழுத்தித் திணிக்கக் கூடாது.

இப்போது மலிவான வழி. சில வருடங்களுக்கு முன்புவரை ஆர்எச்1-க்கு மாற்றே இல்லை. இன்று வெப் மினிடிஸ்க் ப்ரோவில் ஹோம்ப்ரூ மோட் என்று ஒன்று இருக்கிறது. பழைய சோனி நெட்எம்டி கையடக்கக் கருவிகளின் உள் நிரலில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி, அவற்றையும் தட்டிலிருந்து தரவை அனுப்ப வைக்கிறது. எம்இசட்-என்505, எம்இசட்-என்510, எம்இசட்-என்710 போன்ற சாதாரண மாடல்கள் போதும். வருவது அதே ஏஇஏ, அதே பிட்டுகள். தரத்தில் ஆர்எச்1 கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது. மாற்றம் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் நடப்பதால், மின்சாரத்தை எடுத்துவிட்டால் கருவி பழையபடி ஆகிவிடும். ஷார்ப், பானசோனிக் கருவிகளை இதற்காக வாங்க வேண்டாம், நெட்எம்டி முத்திரை இருந்தாலும் இந்த வழி சோனி கையடக்கக் கருவிகளை நம்பியது.

இங்கே தோல்விக்கு முதல் காரணம் பேட்டரி. யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்காத மாடல்கள் உண்டு. ஒற்றை ஏஏ பேட்டரியில் ஒரு தட்டு முழுக்க இடைவிடாமல் படிக்கும்போது பாதியில் தொடர்பு அறுந்தால், கம்பியைச் சந்தேகிக்கும் முன் புதிய பேட்டரி போடுங்கள். அடாப்டர் துளை இருந்தால் அதற்கென உள்ள அடாப்டரே மேல். இரண்டாவது காரணம் அழுக்கேறிய லென்ஸ். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால், அழுத்தாமல் ஒரு துடைப்பு போதும். துடைக்கும்போது மேலே தொங்கும் மெல்லிய காந்தத் தலையை வளைத்துவிடாதீர்கள். படிக்க அது தேவையில்லை, ஆனால் வளைந்து தட்டில் உரசினால் தட்டும் போய்விடும். சேதமான இடம் வந்தால் மறுபடி படிக்கச் சொல்லிப் பாருங்கள், அதன் பிறகே தாண்டுங்கள். எஸ்பியில் ஒரு செக்டர் போனால் இழப்பு சுமார் 64 மில்லிசெகண்ட்தான்.

வேகத்தில் ஆர்எச்1 முந்துகிறது என்பது உண்மை. பத்துத் தட்டுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. முந்நூறு தட்டு என்றால் பொருட்டுதான்.

ஹை-எம்டி வேறு கதை. 1 ஜிகாபைட் தட்டும், 305 மெகாபைட்டாக மாற்றிய 80 நிமிடத் தட்டும் சாதாரண நெட்எம்டி கருவியில் படிக்கவே படாது. ஏதாவது ஒரு ஹை-எம்டி கருவி கட்டாயம், ஆனால் அது ஆர்எச்1-ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கணினியில் இந்தத் தட்டு சேமிப்புக் கருவி மாதிரி திறக்கும். உள்ளே உள்ள பெரிய தரவுக் கோப்பை இழுத்துப் போட்டு நகலெடுத்தால் பயனில்லை, அது அப்படியே ஓடாது. வெப் மினிடிஸ்க் ப்ரோவில் ஹை-எம்டிக்கான தனி இணைப்பைத் தேர்ந்தெடுத்தோ, க்யூஹைஎம்டிடிரான்ஸ்ஃபர் என்ற நிரல் வழியாகவோ எடுக்க வேண்டும். சுருக்காத பிசிஎம் பதிவுகளாக இருந்தால் விரிக்கும் வேலையே இல்லை.

கருவியே வாங்காமல், வீட்டில் உள்ள மினிடிஸ்க் டெக்கின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து பதியலாமே என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் செய்யலாம், 80 நிமிடத் தட்டுக்கு 80 நிமிடம் ஆகும், பாட்டுப் பிரிப்புகள் வராது. ஒலி இடைமுகத்தின் கடிகாரத்தை வெளி மூலத்துக்கு மாற்றுங்கள், மாதிரி வீதத்தை 44.1 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 48-இல் விட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் மறுமாதிரி செய்துவிடும். கடிகாரத்தை மாற்ற மறந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சொடுக்குச் சத்தம் கேட்கும். கையடக்கக் கருவிகளில் உள்ள ஆப்டிகல் துளை பெரும்பாலும் உள்ளீடு மட்டுமே. அதிலிருந்து வெளியே எதுவும் வராது.

கடைசியாக, காலி என்று காட்டும் தட்டுகள். பதிவு முடிந்து பொருளடக்கம் எழுதும் முன் மின்சாரம் போயிருந்தால், ஒலி தட்டில் அப்படியே இருக்கும், அதற்கு வழிகாட்டும் அட்டவணை மட்டும் இருக்காது. ஆர்எச்1-இன் வழக்கமான முறையில் இதற்கு வழியில்லை, ஏனென்றால் அது அட்டவணையை நம்பியே எடுக்கிறது. ஹோம்ப்ரூ மோடில் உள்ள அட்டவணைத் திருத்தியால் தட்டு முழுவதையும் ஒரே பாட்டாகக் காட்டும் பொருளடக்கத்தை எழுதி, பிறகு படித்து எடுக்கலாம். இது தட்டில் எழுதும் வேலை என்பதால் தாழ்ப்பாளைத் திரும்ப மூட வேண்டியிருக்கும். முக்கியமான தட்டில் கைவைக்கும் முன், வேண்டாத தட்டு ஒன்றை அழித்து அதில் ஒத்திகை பாருங்கள். சோனி 2025 பிப்ரவரியில் காலித் தட்டுகள் தயாரிப்பதையும் நிறுத்திவிட்டதால், ஒத்திகைக்கு ஏற்கெனவே பயன்படுத்திய தட்டே போதும், உறை பிரிக்காததை வீணடிக்க வேண்டாம்.