பிரைமரி தேர்தல்: கருத்துக்கணிப்பை நம்புவதா, நோக்கர்களை நம்புவதா?

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்யும் பிரைமரி தேர்தல் வந்துவிட்டால் ஆளாளுக்கு ஆரூடம் சொல்வார்கள். ஒரு பக்கம் கருத்துக்கணிப்புகள், இன்னொரு பக்கம் டிவியிலும் பத்திரிகையிலும் பேசும் அரசியல் நோக்கர்கள். இரு தரப்புமே சறுக்கியிருக்கின்றன. ஆனால் சறுக்கிய விதம் ஒன்றல்ல.

கணிப்புகள் சறுக்கியதற்குப் பேர்போன மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். 2008 ஜனவரி 3 அன்று ஐயோவா மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஒபாமா ஜெயித்தார், ஹிலாரிக்கு மூன்றாம் இடம். ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்குப்பதிவு. கடைசிக் கணிப்புகளின் சராசரியில் ஒபாமா சுமார் 8 புள்ளி முன்னிலை; கேலப் என்ற கணிப்பு நிறுவனம் 13 என்றது. ஹிலாரியின் கதை முடிந்தது என்று நோக்கர்களும் பேசினார்கள். எண்ணிப் பார்த்தால் ஹிலாரி 39.1, ஒபாமா 36.5 சதவீதம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒபாமாவுக்குக் கிடைக்கும் என்று கணிப்புகள் சொன்ன பங்கு கிட்டத்தட்ட சரி, சுமார் 38. ஹிலாரிக்கு 30 என்று போட்டதுதான் பிழை. அதே மாநிலத்தில் அதே நாளில் நடந்த குடியரசுக் கட்சிப் போட்டியில் மெக்கெய்ன் ஜெயிப்பார் என்றதும் பலித்தது. ஆக, முறையே மோசம் என்று ஒதுக்க முடியாது. பிறகு ஆராய்ந்தவர்கள், பலர் கடைசி நேரத்தில் முடிவெடுத்ததையும், எளிதில் பேட்டிக்குச் சிக்காதவர்கள் ஹிலாரி பக்கம் அதிகம் இருந்ததையும் காரணங்களாகச் சொன்னார்கள்.

2016 மிச்சிகனில் இதைவிடப் பெரிய அடி. கணிப்புகளில் ஹிலாரிக்குச் சுமார் 20 புள்ளி முன்னிலை. ஜெயித்ததோ அவரை எதிர்த்து நின்ற சாண்டர்ஸ், ஒன்றரைப் புள்ளியில்.

சரி, நோக்கர்கள்? அதே தேர்தலின் குடியரசுக் கட்சிப் பக்கம் பாருங்கள். 2015 ஜூலையிலிருந்தே தேசிய அளவிலான கணிப்புகளில் ட்ரம்ப்தான் பெரும்பாலும் முன்னிலை. எண்கள் கண்முன்னே கிடந்தன. ஆனாலும் கட்சிப் பெரியவர்கள் விடமாட்டார்கள், இது சீக்கிரம் அடங்கிவிடும் என்றார்கள் நோக்கர்கள். எண்களை வைத்தே பிழைக்கும் தேர்தல் கணிப்பாளர் நேட் சில்வர்கூட அந்த ஆகஸ்டில் ட்ரம்புக்கு 2 சதவீத வாய்ப்புதான் கொடுத்தார். ட்ரம்ப் வேட்பாளரானதும், தான் எங்கே தவறினேன் என்று சில்வரே விரிவாக எழுதினார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கணிப்பு தவறினால் எங்கே தவறியது என்று தேடிப் பிடிக்க முடிகிறது. நோக்கரின் நம்பிக்கை தவறினால் திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. அதனால் என் ஓட்டு கணிப்புகளுக்கே.

ஆனால் கடைசி வாரத்தில் அதையும் முழுக்க நம்ப மாட்டேன். பொதுத் தேர்தலில் பெரும்பாலானோர் கட்சியைப் பார்த்துக் குத்துகிறார்கள். பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சி. இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று மனம் மாறுவது சுலபம். 2020 ஜனநாயகக் கட்சிப் போட்டியில் பைடன் ஐயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. பிப்ரவரி 29 அன்று தெற்கு கரோலினாவில் பெரிதாக ஜெயித்தார்; போட்டியில் இருந்த புட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 அவருக்கு. அதில் ஒன்று, அவர் பெரிதாகப் பிரசாரமே செய்யாத மாசசூசெட்ஸ். அந்த மாநில செனட்டரான எலிசபெத் வாரனுக்கு அங்கே மூன்றாம் இடம்தான் கிடைத்தது.